சுவரில் சாய்ந்தவர்களின் மொழி

"ஹித்திஸ்த்" என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டபோது என் நண்பன் எனக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய் வகுப்பறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கிப் பாதத்தைச் சுவரில் ஊன்றி, எதையும் பார்க்காத ஒரு பார்வையோடு சிறிது நேரம் நின்றான். பிறகு "இதுதான்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். அது 1998ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். பாரிசின் வடக்குப் புறநகர்ப் பள்ளி ஒன்றில், வேறு நாடுகளிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கென்று தனியே நடந்த பிரெஞ்சு வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அவன் அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸ் நகரத்தின் ஹுசைன் தே பகுதியிலிருந்து வந்தவன். அவனுக்குப் பேச்சுப் பிரெஞ்சு ஓரளவு வரும், எழுத வராது. எனக்கு இரண்டும் வராது. நான் அவனை "மச்சான்" என்பேன், அவன் என்னைக் "கூயா" என்பான். அவனுடைய மொழியில் அதற்குச் சகோதரன் என்று பொருள். இரண்டு சொற்களையும் நாங்கள் யாரிடமும் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டதாக நினைவில்லை.

அரபியில் "ஹீத்" என்றால் சுவர். அதன் வாலில் பிரெஞ்சு விகுதி ஒன்றை ஒட்டி, சுவரோடு சாய்ந்து நிற்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற பொருளில் அல்ஜீரியத் தெருக்கள் ஆக்கிக்கொண்ட சொல் அது. வேலை இல்லை, தனியாக இருக்க ஓர் அறை இல்லை, கையில் காசில்லை, ஆகவே நாள் முழுவதும் சுவர்தான். அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அவன் பையில் கொண்டுவந்திருந்த ஓர் ஒலிநாடாவில். அதில் இருந்தது ராப். பாடியவர்கள் அவனுடைய பகுதியைச் சேர்ந்த இளைஞர்கள். குழுவின் பெயர் எம்.பி.எஸ். "ஒலிவாங்கி மௌனத்தை உடைக்கிறது" என்ற பொருள் தரும் பிரெஞ்சு வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. 1997இல் வெளிவந்த அந்தத் தொகுப்பின் தலைப்பு "ஊலத் எல் பஹ்ஜா". பஹ்ஜா என்பது அல்ஜியர்ஸ் மக்கள் தங்கள் நகரத்தைச் செல்லமாக அழைக்கும் பெயர். ஒளிமிக்கவள், மகிழ்ச்சி தருபவள் என்று பொருள்படும். அந்த ஒளிமிக்கவளின் பிள்ளைகள் என்பது தலைப்பு. அது வெளிவந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பது தெரிந்தால் அந்தத் தலைப்பின் கனம் புரியும். 1997ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாத இறுதியில் ரயீஸ் என்ற ஊரிலும், அடுத்த மாதம் பென்தல்ஹாவிலும், அல்ஜியர்சுக்கு மிக அண்மையிலேயே, ஒவ்வோர் ஊரிலும் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டார்கள்.

அல்ஜீரிய ராப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 1988 அக்டோபரிலிருந்து தொடங்குவார்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் வேறு தொடக்கம் இல்லை. எண்ணெயும் எரிவாயுவும் தவிர விற்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லாத நாட்டில், 1986இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததும் எல்லாம் சரிந்தன. கடைகளில் பொருள்கள் இல்லாமற்போயின. மக்களில் பெரும்பகுதியினர் இளைஞர்களாக இருந்த நாட்டில் வேலையும் இல்லாமற்போயிற்று. 1988 அக்டோபர் 5ஆம் நாள் அந்த இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். இராணுவம் சுட்டது. அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 159 பேர். ஏனையோர் 500 அளவில் என்கிறார்கள். எம்.பி.எஸ். குழுவும், அல்ஜியர்சின் மற்றொரு முன்னோடிக் குழுவான இன்தீக்கும் தங்கள் பிறப்பை அந்தக் காலத்தோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். அல்ஜியர்ஸ் தெருமொழியில் "இன்தீக்" என்றால் "எல்லாம் நலம்" என்பது பொருள். எதுவும் நலமாக இல்லாத நாட்டில் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவர்களின் நெஞ்சுரத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

அக்டோபருக்குப் பிறகு பல கட்சி ஆட்சிமுறை வந்தது, பத்திரிகைகள் பெருகின, தேர்தல் வந்தது. 1991 டிசம்பரில் நடந்த தேர்தலின் முதற்சுற்றில் இஸ்லாமிய மீட்சி முன்னணி என்ற கட்சி முன்னிலை பெற்றதும், அடுத்த மாதமே இராணுவம் தேர்தலை நிறுத்தியது. அதன்பிறகு இராணுவத்துக்கும் இஸ்லாமிய ஆயுதக் குழுக்களுக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்த போரில் இறந்தவர்கள் ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். பாடகர்களுக்கும் அந்தக் காலம் இரக்கம் காட்டவில்லை. அல்ஜீரியாவின் வெகுசன இசையான ராய் இசையில் காதல் பாடல்களுக்குப் பேர்போன பாடகர் ஷெப் ஹஸ்னி 1994 செப்டம்பர் 29ஆம் நாள் ஒரான் நகரத்தில், தன் சொந்தப் பகுதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ராய் இசையை உலகத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான ஒலிப்பதிவாளர் ரஷீத் பாபா அஹ்மதை அதற்கடுத்த ஆண்டில் கொன்றார்கள். கபீலியப் பாடகர் லூனேஸ் மத்தூப் 1998 ஜூனில் கொல்லப்பட்டார். காலித், மாமி போன்ற பெரிய பாடகர்கள் ஏற்கெனவே பிரான்சில் இருந்தார்கள்.

ஆகவே நாட்டுக்குள் பாடக்கூடிய குரல்கள் குறைந்துகொண்டே போன காலத்தில்தான் ராப் வளர்ந்தது. இதை நான் முதலில் முரண்பாடு என்று நினைத்தேன். என் நண்பன் அப்படி நினைக்கவில்லை. அல்ஜியர்சில் 1992 டிசம்பர் முதல் 1996 பெப்ரவரி வரை இரவு ஊரடங்கு இருந்தது. பிள்ளைகள் மாலையிலேயே வீட்டுக்குள் அடைபட்டார்கள். மாடிகளில் செயற்கைக்கோள் ஏந்திகள் முளைத்திருந்தன. அவற்றைச் சாத்தானின் கருவி என்று பழித்தவர்கள் பிரெஞ்சில் "பராபோல்" என்ற சொல்லோடு "தியாபோலிக்" என்ற சொல்லைக் குழைத்து ஒரு பெயரே வைத்தார்கள். அந்த ஏந்திகளின் வழியாகப் பிரெஞ்சு அலைவரிசைகளிலிருந்து ராப் இரவில் வீடுகளுக்குள் இறங்கியது. மேடை வேண்டாம், வாத்தியக்காரர் வேண்டாம், திருமண வீட்டு அழைப்பு வேண்டாம். ஓர் அமெரிக்கப் பாட்டின் வெறும் இசை ஓடும் ஒலிநாடா ஒன்றும், பதிவுசெய்யும் பெட்டி ஒன்றும், எழுத ஒரு பள்ளிக் கொப்பியும் இருந்தால் போதும். தன் அண்ணன் இரவில் குரலைத் தாழ்த்தி வரிகளைச் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்கியதாக அவன் சொன்னான். தாழ்ந்த குரலில் சொல்லக்கூடிய இசை அது. ராய் பாடலை அப்படிப் பாட முடியாது.

எந்த மொழியில் சொன்னார்கள் என்பதற்கு நான் சற்று நேரம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனெனில் என்னை இந்த இசையோடு கட்டிப்போட்டது அதுதான். 132 ஆண்டுகள் ஆண்ட பிரான்ஸ் 1962இல் வெளியேறியபோது விட்டுப்போனது பிரெஞ்சு. புதிய அரசு பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நிலைநிறுத்த முயன்றது குர்ஆனும் செய்தித்தாளும் பேசும் இலக்கண அரபி. வீட்டில் தாய் பேசுவது இரண்டும் அல்ல. அரபியை அடியாக வைத்து, அந்த மண்ணின் பழைய பெர்பர் மொழியான தமாசிக்த்தின் தொடரமைப்பும், துருக்கியச் சொல்லும், ஸ்பானியச் சொல்லும், ஏராளமான பிரெஞ்சும் ஊடாடும் தார்ஜா அது. கபீலியா போன்ற இடங்களில் தமாசிக்த். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியில் வளர்ந்த நமக்கு இது புரியும் என்று தோன்றும். ஆனால் நம் பேச்சுத் தமிழை "இது மொழியே அல்ல" என்று யாரும் நமக்குக் கற்பிப்பதில்லை. அங்கே அப்படித்தான் கற்பித்தார்கள். 2015இல் கல்வி அமைச்சர் நூரியா பென்கப்ரித், தொடக்க வகுப்புகளில் பிள்ளைகளின் வீட்டுமொழியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை ஆதரித்தபோது நாடு முழுவதும் கொந்தளித்தது.

அந்த மொழியில்தான் ராப் எழுதப்பட்டது. "ஹொக்ரா" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வலியவன் எளியவனை ஒரு பொருட்டாகவே மதியாமல் மிதிப்பதும், அப்படி மிதிபட்டவனுக்குள் எழும் குமுறலும் சேர்ந்த சொல் அது. அநீதி என்று மொழிபெயர்த்தால் குமுறல் போய்விடுகிறது. அவமதிப்பு என்றால் மிதித்தவனின் அதிகாரம் போய்விடுகிறது. கடத்தல் வாணிபத்துக்கு ஸ்பானியத்திலிருந்து வந்த "திராபெந்தோ". பிறந்து வளர்ந்த தெருக்கூட்டத்துக்கு "ஹூமா". கடலைக் கடந்து ஓடுகிறவர்களுக்கு "ஹர்ராகா", அதாவது எரிப்பவர்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்பக்கூடாதென்று அடையாளத் தாள்களை எரித்துவிடுவதால் வந்த பெயர். 2009இல் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறுவதையே குற்றமாக்கிச் சிறைத்தண்டனை விதித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள்; பாடல்களில் அந்தச் சொல் அதற்குப் பிறகு இன்னும் பெருகியது. ஒரு மொழியைப் பள்ளிக்கூடம் தள்ளிவைத்தபோது, அதற்கு எதுகையும் மோனையும் கட்டி, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வராதபடி இறுக்கிப் பொருத்திக் காட்டியவர்கள் இந்தச் சுவரோரத்துப் பிள்ளைகள்தாம். அல்ஜீரிய ராப்பின் முதற்கொடை கோபம் என்று பலரும் எழுதுகிறார்கள். என் கணிப்பில் அந்தக் கோபத்தைத் தாங்கக்கூடிய யாப்பே அதன் முதற்கொடை.

நகரத்துக்கு நகரம் அந்த யாப்பின் நிறம் மாறியது. இன்தீக் ரெகேயைக் கலந்தார்கள். அவர்களுடைய தொகுப்பு 2000ஆம் ஆண்டில் பிரான்சில் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக வந்தபோது எங்கள் புறநகர்க் கடையிலேயே கிடைத்தது. எம்.பி.எஸ். பாடல்களில் அல்ஜியர்சின் பழைய ஷாபி இசை அடியில் ஓடுவதை என் நண்பன் எனக்குக் காட்டிக்கொடுத்தான். மந்தோல் நரம்பு அதிரும் இடத்தில் விரலை உயர்த்துவான். அவன் தந்தை கேட்கும் இசை அது. நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள அன்னாபாவில் லூத்ஃபி என்ற இளைஞர், டூப்ல் கனோன் என்ற குழுவைத் தொடங்கி, பிறகு அந்தப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். நிலவியல் படித்தவர். அவரைப் போல் நாட்டின் எல்லா மூலைகளிலும் கேட்கப்பட்ட வேறொரு ராப் கலைஞர் அந்தத் தலைமுறையில் இல்லை என்பது என் எண்ணம். பெரிய நிறுவனமும் வெளிநாட்டு விளம்பரமும் இல்லாமல், தெருவோர மேசைகளில் ஒலிநாடாக்களாக விற்றே அவர் பரவினார். ஒரானில் டாக்ஸ் என்ற குழு இருந்தது. அல்ஜியர்சுக்காரர்கள் தங்கள் மாவட்ட எண்ணான 16ஐப் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். சிற்றி 16 என்ற குழு அப்படி வந்தது. கடிதத்துக்கும் வாகனத்துக்கும் அரசு கொடுத்த எண் இப்படி ஊர்ப்பற்றின் அடையாளமாயிற்று.

கடலின் இந்தப் பக்கத்தில், பிரான்சில் பிறந்த அல்ஜீரியப் பிள்ளைகளின் ராப் வேறொரு கதை. அதை முழுமையாகச் சொல்ல இங்கே இடமில்லை, ஆனாலும் இரண்டைச் சொல்லாமல் விட மனமில்லை. 1999இல் வித்ரி நகரத்தைச் சேர்ந்த 113 என்ற குழுவின் ரிம்கா பாடிய பாட்டு ஒன்றில், கோடை விடுமுறைக்கு மூட்டை முடிச்சுகளைப் பேஜோ 504 காரின் தலையில் ஏற்றிக்கொண்டு குடும்பம் அல்ஜீரியாவுக்குப் புறப்படும். ஒரானின் பழைய பாடகர் அஹ்மத் வஹ்பியின் இசைத்துண்டின் மேல் அமைந்த பாட்டு அது. எங்கள் அடுக்குமாடியில் எல்லாச் சன்னல்களிலிருந்தும் அது கேட்டது. ஊருக்குப் போக முடியாத நான் அந்தக் காரில் ஏறிக்கொள்ள ஏங்கினேன். இரண்டாவது, லு ஹாவ்ரைச் சேர்ந்த மெதீன் 2006இல் எழுதிய பாட்டு. 1961 அக்டோபர் 17ஆம் நாள் பாரிசில், அல்ஜீரியர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை கொன்று சேன் ஆற்றில் எறிந்த இரவின் கதை அது. பிரெஞ்சு அரசு பல பத்தாண்டுகள் அந்த இரவை மூடி மறைத்தது. பள்ளியில் நான் படித்த வரலாற்றுப் பாடத்தில் அது இருக்கவில்லை. நாள்தோறும் நான் கடந்த ஆற்றின் வரலாற்றை ஒரு ராப் பாட்டிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அல்ஜீரியாவிலும் மௌனம் சட்டமாகவே வந்தது. 2005இல் அமைதிக்கும் தேசிய நல்லிணக்கத்துக்குமான சாசனம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அதை நடைமுறைப்படுத்திய ஆணை, தேசத்தின் துயரக் காயங்களைப் பயன்படுத்தி அரசு நிறுவனங்களையும் அதன் பணியாளர்களையும் களங்கப்படுத்துவோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுச் சிறை என்றது. ஆயுதம் ஏந்தியவர்களுக்குப் பொதுமன்னிப்பு, காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு, கேள்விக்கு இடமில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, காணாமற்போன பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி அல்ஜியர்சின் தாய்மார் புதன்கிழமைதோறும் அரசின் மனித உரிமை அலுவலகத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நம் தாய்மார் அதே போலப் படங்களோடு தெருவோரத்தில் உட்கார்ந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் நண்பன் காட்டிய ஒரு புதன்கிழமைப் படம்தான். அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் 1995இல் காணாமற்போனவர். யார் கொண்டுபோனார்கள் என்று அவன் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. ஆனால் "ஒலிவாங்கி மௌனத்தை உடைக்கிறது" என்ற பெயரை அவன் ஒவ்வொரு முறையும் சுருக்காமல், முழு வாக்கியமாகவே சொல்வான்.

அந்தக் குழு 2005இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்புக்கு ஆயுதமில்லாத கெரில்லா முகாம் என்று பொருள் சொல்லலாம். அதன்பிறகு முன்னோடிகள் பலர் ஓய்ந்தார்கள், சிலர் வெளிநாடுகளுக்குப் போனார்கள், அல்ஜீரிய ராப் முடிந்துவிட்டதோ என்று நானே நினைத்த காலம் உண்டு. அந்த நினைப்பு தவறு. அதன் சொற்களும் எதுகைகளும் காற்பந்து அரங்குகளுக்கு இடம்பெயர்ந்திருந்தன. கூட்டம் போட அனுமதி கிடைக்காத நாட்டில் பல்லாயிரம் இளைஞர்கள் சட்டப்படி ஒன்றுகூடிக் கத்தக்கூடிய ஒரே இடம் அது. அல்ஜியர்சின் காற்பந்து அணியான யூ.எஸ்.எம். அல்ஜேயின் இரசிகர் குழு ஒன்றின் பெயர் ஊலத் எல் பஹ்ஜா. ஆம், அந்த ஒலிநாடாவின் தலைப்பேதான். நகரத்தின் பிள்ளைகளுக்கு வேறு பெயர் கிடையாது. 2018இல் அவர்கள் வெளியிட்ட பாட்டுக்கு, சனாதிபதி மாளிகை இருக்கும் எல் முராதியாவின் பெயரையும் அப்போது உலகமெங்கும் ஓடிய ஒரு ஸ்பானியக் கொள்ளைத் தொடரின் பெயரையும் இணைத்துத் தலைப்பு வைத்தார்கள். விடியும் வேளையிலும் தூக்கம் வராமல் கிடப்பவனின் குரலில் தொடங்கி, 1999 முதல் ஆண்ட பூத்தஃப்லிக்காவின் நான்கு பதவிக்காலங்களையும் ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்கிறது அது. முதற்காலத்தைப் பற்றி அது சொல்வது, அந்தப் பத்தாண்டைக் காட்டியே எங்களை ஏமாற்றினார்கள் என்பது. சட்டம் பேசக்கூடாது என்ற பத்தாண்டு, ஒற்றைச் சொல்லாக அரங்கம் முழுவதும் ஒலித்தது.

2013இல் பக்கவாதம் தாக்கிய பிறகு மக்கள் முன்னால் பேசவே முடியாதிருந்த அந்த மனிதர் ஐந்தாம் முறையும் போட்டியிடுவார் என்று அறிவித்ததும், 2019 பெப்ரவரி 22ஆம் நாள் நாடே தெருவுக்கு வந்தது. அரங்கத்துப் பாட்டு தெருவுக்கு வந்தது. சட்டம் படித்தவரும் அப்போது பிராக் நகரத்தில் வாழ்ந்துவந்தவருமான ராஜா மெசியான், ஆட்சியமைப்பையே தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்பது போன்ற பாட்டை மார்ச் தொடக்கத்தில் வெளியிட்டார். அவருடைய குரலில் உள்ள களைப்பும் தெளிவும் எனக்கு வேறு எந்தப் பாட்டிலும் கிடைக்கவில்லை. அல்ஜியர்சின் மேற்கே ஸ்தாவலியைச் சேர்ந்த, பிரான்சில் புகழ்பெற்ற சூல்கிங், ஊலத் எல் பஹ்ஜாவோடு சேர்ந்து சுதந்திரத்தைப் பற்றிய பாட்டை மார்ச் 14ஆம் நாள் வெளியிட்டார். அது அரங்கத்துப் பாட்டுகளைவிட மென்மையானது, மெருகு அதிகம். என் நண்பனுக்கு அதில் குறை உண்டு, எனக்கு இல்லை. எத்தனை பேர் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தது, இப்போது மெருகோடு வந்தால் என்ன என்பது என் வாதம். ஏப்ரல் 2ஆம் நாள் பூத்தஃப்லிக்கா பதவி விலகினார். அந்த ஆகஸ்டில் சூல்கிங் அல்ஜியர்சில் பாடிய இரவு, அரங்கத்து வாயில் நெரிசலில் ஐந்து இளம் உயிர்கள் போயின. தங்கள் ஊர்ப் பாட்டுக்காரனைத் தங்கள் ஊரில் பார்க்கப் போன பிள்ளைகள் அவர்கள். அதை எழுதாமல் இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த வசந்தத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசின் றிப்பப்ளிக் சதுக்கத்தில் அல்ஜீரியர்கள் கூடுவார்கள். ஒரு ஞாயிறு நண்பன் தன் மகளோடு போனான், என்னையும் கூட்டிப்போனான். பத்து வயதுப் பிள்ளை, பிரெஞ்சு மட்டும் பேசுபவள், ஆனால் அரங்கத்துப் பாட்டு முழுவதையும் யூடியூபில் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். கூட்டம் பாடியபோது அவளும் பாடினாள், சொற்களின் பொருள் தெரியாமல், ஓசை பிசகாமல். பாட்டு முடிந்ததும் தந்தையின் கையை இழுத்து, "அஷ்ரியா" என்றால் என்ன என்று கேட்டாள். அஷ்ரியா என்றால் பத்தாண்டு. அவன் அதை மட்டும் சொல்லியிருக்கலாம். சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு கூட்டத்தை விலக்கி அவளை ஓரத்துக்குக் கூட்டிப்போய், மூடியிருந்த ஒரு கடையின் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி ஊன்றி நின்றான். "இப்படி நின்றுகொண்டிருந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்" என்று பிரெஞ்சில் சொன்னான். அவளும் பக்கத்தில் சாய்ந்துகொண்டாள். நான் மூவருக்கும் தேநீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் இன்னும் 1988இலேயே இருந்தான்.